அரியணை காலியாக இருந்தபோது அடித்த தாலர்கள்: கொள்ளை லாபமா, உரிமைப் பிரகடனமா?

வாசகர் ஒருவரின் கூற்று, ஜூன் 3

புனித ரோமானியப் பேரரசர் ஒருவர் இறந்து, அடுத்தவர் தேர்வாகும்வரை உள்ள இடைவெளியில் சாக்சனி, பவேரியா, பலட்டினேட் இளவரசர்கள் தங்கள் உருவத்தையும் பேரரசின் கழுகையும் பொறித்து, தாலர் என்ற பெரிய வெள்ளிக் காசு முதலியவற்றை அடித்திருக்கிறார்கள். ஏல அட்டவணைகளில் இவற்றுக்கு "நினைவுக் காசு" என்று கௌரவமான பெயர். கேட்பாரற்ற நேரத்தில் ஆளாளுக்குக் கிடைத்தவரை லாபம் பார்த்த வேலை இது என்பதே என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 3, இரவு

மறுக்கிறேன். காசடிக்கும் உரிமை இந்த இளவரசர்களுக்குப் பேரரசர் உயிரோடு இருக்கும்போதே இருந்தது. நான்காம் கார்ல் 1356இல் பிறப்பித்த பொன் முத்திரை ஆணை, பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு இளவரசர்களுக்கும் சுரங்க உரிமையையும் நாணய உரிமையையும் உறுதிசெய்தது. பின்னாளில் சாக்சனியை ஆண்ட வெட்டின் மரபினரோ அதற்கும் முன்பிருந்தே பிரைபெர்க் வெள்ளியில் காசடித்து வந்தவர்கள். பேரரசர் கண்மூடியதும் பூட்டிக் கிடந்த நாணயச்சாலை திறந்துகொண்டது என்ற சித்திரம் இங்கே பொருந்தாது. நாணயச்சாலை நேற்றும் ஓடியது, இன்றும் ஓடுகிறது. அச்சு மட்டும் மாறுகிறது.

"ஆளாளுக்கு" என்பதும் சரியல்ல. அதே ஆணையின் ஐந்தாம் அத்தியாயம், அரியணை காலியாகும்போது பேரரசின் பொறுப்பை இரண்டே பேரிடம் ஒப்படைக்கிறது. ரைன் ஆற்றுப் பகுதிகள், சுவாபியா, பிராங்கோனியச் சட்டம் வழங்கும் நிலங்கள் ஆகியவற்றுக்கு ரைன் பலட்டினேட் கோமகன்; சாக்சன் சட்டம் வழங்கும் நிலங்களுக்கு சாக்சனிக் கோமகன். இவர்களைப் பதிலாட்சியர் என்று இங்கே குறிப்பிடுகிறேன். சேகரிப்பாளர்கள் அந்தக் காசுகளை விகாரியட் காசுகள் என்பார்கள். பதிலாட்சியர் நீதி வழங்கலாம், திருச்சபைப் பதவிகளுக்குப் பெயர் முன்மொழியலாம், வருவாயை வசூலிக்கலாம், மானிய நிலங்களை வழங்கலாம். இளவரசர்களுக்குரிய கொடி மானியங்களை வழங்க முடியாது. பேரரசின் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. கேட்பாரற்ற நேரம் என்றால் இத்தனை நிபந்தனைகளை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 4

"பெரும் இடைவெளி" பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது வேறு காலம். நான்காம் கொன்ராட் 1254இல் இறந்ததிலிருந்து 1273 அக்டோபரில் ஹாப்ஸ்பர்க் ருடால்ப் தேர்வானதுவரை நீண்ட அந்தக் குழப்பத்தில் பொன் முத்திரை ஆணையும் இல்லை, தாலரும் இல்லை; ஜெர்மனியின் பெரும்பகுதியில் ஒருபுறம் மட்டும் அச்சிட்ட மெல்லிய வெள்ளித் தகடுகளே காசாகப் புழங்கின. நாம் பேசிக்கொண்டிருப்பது 1612 முதல் 1792 வரை வந்துபோன சிறு இடைவெளிகளைப் பற்றி. ஒன்றுக்குச் சொல்வதை மற்றதற்கு ஏற்றினால் விவாதம் நகராது.

ஜூன் 4, மாலை

லாபக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஓர் ஆட்சியாளர் காசில் கொள்ளை லாபம் பார்க்க வேண்டுமென்றால் எடையையோ வெள்ளியின் மாற்றையோ குறைக்க வேண்டும். பேரரசின் தாலருக்கு 1566இல் நிர்ணயித்த அளவு, கோல்ன் மார்க் எனப்படும் 233.856 கிராம் தூய வெள்ளிக்கு 9 தாலர். அதாவது ஏறத்தாழ 29.2 கிராம் எடையில் 26 கிராமுக்குச் சற்றுக் குறைவான தூய வெள்ளி. டிரெஸ்டன் நாணயச்சாலையின் 1619ஆம் ஆண்டு விகாரியட் தாலரும் அதே தரத்தில்தான் வருகிறது. அதற்கு எதிர்ச்சான்று வேண்டுமென்றால் தொலைவில் தேட வேண்டாம். அந்தத் தாலரை வெளியிட்ட அதே முதலாம் யோஹான் கெயோர்க், சில ஆண்டுகளில் முப்பதாண்டுப் போரின் நாணயச் சீரழிவில் தானும் இறங்கி, 1621, 1622 ஆண்டுகளில் தேவதை உருவம் பொறித்த மாற்றுக் குறைந்த காசுகளை அடித்துத் தள்ளினார். லாபம் பார்த்த காசுகள் அவை. அப்போது அரியணையில் பேரரசர் இரண்டாம் பெர்டினான்ட் உட்கார்ந்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். கேட்பதற்கு ஆள் இருந்தபோது மாற்றைக் குறைத்தவர், கேட்பதற்கு ஆள் இல்லாதபோது முழு மாற்றில் அடித்திருக்கிறார்.

ஜூன் 6

ஆண்டுகளின் பட்டியல் கேட்டவருக்கு: 1612, 1619, 1657–58, 1711, 1740–42, 1745, 1790, 1792. தொடக்கத்தில் இந்த எண்களை நான் மனப்பாடமாக மட்டுமே வைத்திருந்தேன். 1637 ஏன் இல்லை, 1705 ஏன் இல்லை, 1765 ஏன் இல்லை என்று என்னையே கேட்டுக்கொண்ட பிறகுதான் இந்தப் பட்டியல் பேசத் தொடங்கியது. அந்த ஆண்டுகளிலும் பேரரசர்கள் இறந்தார்கள். ஆனால் விகாரியட் காசு ஒன்றுகூட இல்லை.

காரணம் எளிது. வாழும் காலத்திலேயே தன் மகனை "ரோமானியர்களின் அரசர்" என்று தேர்ந்தெடுக்கச் செய்துவிட்டால், தந்தை இறந்த கணமே மகன் ஆட்சிக்கு வந்துவிடுவார், இடைவெளியே கிடையாது. இரண்டாம் பெர்டினான்ட் 1637 பிப்ரவரியில் இறந்தார். மூன்றாம் பெர்டினான்ட் அதற்கு இரு மாதம் முன்பே, 1636 டிசம்பரில், தேர்வாகியிருந்தார். முதலாம் லெயோபோல்ட் 1705இல் இறந்தபோது முதலாம் யோசெப் 1690 முதலே ரோமானியர்களின் அரசர். முதலாம் பிரான்ஸ் 1765இல் இறந்தபோது இரண்டாம் யோசெப் 1764இல் தேர்வாகி முடிசூடியும் விட்டார். அப்படியானால் விகாரியட் காசுகளின் பட்டியல் என்பது வாரிசு ஏற்பாடு தவறிப்போன ஆண்டுகளின் பட்டியல்.

தவறிய விதங்களும் பலவகை. 1612இல் இரண்டாம் ருடால்ப் மணமாகாதவர். தம்பி மத்தியாஸோடு பகை. கடைசிவரை வாரிசை ஏற்பாடு செய்யவிடவில்லை. 1619இல் மத்தியாஸுக்கும் குழந்தை இல்லை. 1740இல் ஆறாம் கார்லுக்கு ஆண் வாரிசு இல்லை; மகள் மரியா தெரேசா நிலங்களை வாரிசாகப் பெறலாம், பேரரசராகத் தேர்வாக முடியாது. 1790இல் இரண்டாம் யோசெப் குழந்தையின்றி இறந்தார். தம்பி லெயோபோல்ட் முன்கூட்டித் தேர்வாகவில்லை. அந்த லெயோபோல்ட் முடிசூடி இரண்டு ஆண்டு நிறைவதற்குள், 1792 மார்ச் முதல் தேதி, திடீரென்று இறந்தார்.

1657, 1711 இரண்டையும் தனியே வைக்கிறேன். மூன்றாம் பெர்டினான்ட் தன் கடமையைச் சரியாகச் செய்தவர். மூத்த மகன் நான்காம் பெர்டினான்டை 1653இல் தேர்ந்தெடுக்க வைத்தார். அந்த இளைஞர் 1654இல் பெரியம்மையில் போனார். தந்தை 1657இல் இறந்தபோது இளைய மகன் லெயோபோல்டை யாரும் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. 1711இல் முதலாம் யோசெப் 32 வயதில் ஆண் வாரிசின்றி இறந்ததும் பெரியம்மையால்தான். ஏல அட்டவணைகள் அழகழகாக வருணிக்கும் இரண்டு வரிசைகள் ஒரு நோயின் தயவில் பிறந்தவை.

ஜூன் 7

"நீங்கள் இவற்றைக் கையில் எடுத்தாவது பார்த்திருக்கிறீர்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்னிடம் ஒன்று இருக்கிறது: சாக்சனியின் மூன்றாம் பிரீட்ரிஷ் ஔகுஸ்ட் 1790இல் அடித்த தாலர். ஒரு பக்கம் தேர்வுரிமை இளவரசரின் மார்பளவு உருவம். பின்னி முடிந்த பொய்முடி, ஒப்பனையற்ற முகம். மறுபக்கம் இருதலைக் கழுகு. மார்பில் சாக்சனியின் கேடயம். உருப்பெருக்கியில் பார்த்தால் ஐ. ஈ. சி. என்ற மூன்று எழுத்துகள் தெரியும். அது டிரெஸ்டனில் அப்போது நாணயச்சாலைத் தலைவராக இருந்த யோஹான் எர்ன்ஸ்ட் குரோலின் அடையாளம்.

வாங்கியபோது விற்றவர் "விளிம்பில் சிறு காயம்" என்று மட்டும் எழுதியிருந்தார். வந்த பிறகு விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தேன். தலைக்கு நேர்மேலே விளிம்பு லேசாகத் தட்டையாகி, அங்கிருந்த இரண்டு எழுத்துகளின் உச்சி அரம் பட்டு மழுங்கியிருந்தது. அந்த இடத்தின் வெள்ளி மட்டும் வேறு நிறத்தில் பளபளத்தது. அது காயமல்ல. யாரோ வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிந்திருந்து, பிற்காலத்தில் இன்னொருவர் அதைக் கழற்றி அராவியிருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியதற்குப் பதிலே வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஆனால் இந்த விவாதத்துக்கு அந்த வளையம் ஒரு சாட்சி. சந்தையில் மாற்றிச் செலவழிக்க வேண்டிய காசை ஒருவர் அணிகலனாக்கிக்கொண்டார் என்றால், அது வெறும் பணமாக மட்டும் கைக்கு வரவில்லை. விகாரியட் தாலர்களில் இத்தகைய வளையத் தடம் அடிக்கடி கண்ணில் படுகிறது.

ஜூன் 7, சற்றுப் பின்

மேலே சொன்னதை முழுச்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரணத் தாலர்களையும் மக்கள் வளையம் வைத்து அணிந்தார்கள். தவிர விகாரியட் வரிசைகளில் தாலர் மட்டும் இல்லை. தாலரில் 24இல் ஒரு பங்கான குரோஷன்வரை சிறு காசுகளும் உண்டு. குரோஷனைப் பார்த்து யாரும் பெட்டியில் பூட்டி வைத்திருக்க மாட்டார்கள். அது ரொட்டிக் கடைக்குப் போயிருக்கும். அப்படிப் போக வேண்டும் என்பதுதான் அதை அடித்தவரின் விருப்பமாகவும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தாலரும் தங்க டூகாட்டும் அரண்மனைகளுக்கும் தூதர்களுக்கும், குரோஷன் ஊருக்கு.

ஜூன் 9

இப்போது என் பக்கத்து வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். இந்தக் காசுகள் உரிமையை அறிவித்தவை; உரிமை எங்கே சண்டைக்குரியதாக இருந்ததோ அங்கே அவற்றின் குரல் உரத்து ஒலித்தது.

சாக்சனியின் இடத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. ரைன் பக்கத்து இடம்தான் வெகுகாலம் புகைந்தது. 1612இல் பலட்டினேட்டின் ஐந்தாம் பிரீட்ரிஷ் சிறுவர். அவருடைய பாதுகாவலராக இருந்த ஸ்வைப்ரூக்கன் யோஹான் பதிலாட்சியை நடத்தினார். 1619இல் பிரீட்ரிஷ் தாமே பதிலாட்சியர். ஆனால் அதே ஆகஸ்ட் 26ஆம் தேதி பொஹீமியர்கள் அவரைத் தங்கள் அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள்; இரண்டே நாளில் பிராங்பர்ட்டில் அவருடைய எதிரி பெர்டினான்ட் பேரரசராகத் தேர்வானார். 1620 நவம்பரில் வெண்மலைப் போரில் தோற்ற பிரீட்ரிஷ் அரசையும் நாட்டையும் இழந்தார். அவருடைய தேர்வுரிமையை 1623இல் பவேரியாவின் மக்சிமிலியானுக்குக் கொடுத்தார்கள். 1648இல் வெஸ்ட்பாலிய அமைதி வந்தபோது அதைப் பிடுங்கித் திருப்பிக் கொடுக்க யாருக்கும் துணிவில்லை. பிரீட்ரிஷின் மகன் கார்ல் லூட்விக்குக்கு எட்டாவதாகப் புதிய தேர்வுரிமை ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

வாக்கை இரண்டாக்கிவிடலாம். பதிலாட்சியை எப்படி இரண்டாக்குவது? பொன் முத்திரை ஆணை அதை ரைன் பலட்டினேட் கோமகனுக்குக் கொடுத்தது. அது நிலத்தோடு ஒட்டிய உரிமை என்றால் கார்ல் லூட்விக்குக்குச் சேரும்; தேர்வுரிமைப் பதவியோடு ஒட்டியது என்றால் பவேரியாவின் பெர்டினான்ட் மரியாவுக்குச் சேரும். 1657 ஏப்ரலில் மூன்றாம் பெர்டினான்ட் இறந்ததும் இருவருமே தங்களைப் பதிலாட்சியர் என்று அறிவித்தார்கள், இருவருமே காசும் அடித்தார்கள். ஒரே பதவிக்கு உரிமை கோரும் இரண்டு தாலர்கள், ஒன்று மியூனிக்கிலிருந்து, இன்னொன்று ஹைடெல்பெர்க்கிலிருந்து. லெயோபோல்ட் 1658 ஜூலை 18இல்தான் தேர்வானார். விகாரியட் காசுகள் அடித்த இடைவெளிகளில் நீண்டது இதுவே. ஏறத்தாழ பதினைந்தரை மாதம் பேரரசின் மேற்குப் பாதிக்கு இரண்டு பதிலாட்சியர்கள்.

கேடயங்களைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். பேரரசு விருந்தின் தலைமைப் பரிமாறுநர் என்ற பதவியின் அடையாளம் சிலுவை ஏந்திய உலக உருண்டை. அது தேர்வுரிமையோடு பவேரியாவுக்குப் போய்விட்டது. அந்தக் காலத்துப் பலட்டினேட் காசுகளில் உருண்டை இருந்த மூன்றாவது கேடயம் வெறுமையாக விடப்பட்டது. தந்தை இழந்ததை மகன் ஒவ்வொரு காசிலும் காட்டிக்கொண்டிருந்தார்.

ஜூன் 9, பின்குறிப்பு

மைக்கூட்டுக் கதையை எழுதாமல் விட்டதற்கு ஒருவர் கோபித்துக்கொள்கிறார். எழுதிவிடுகிறேன்: 1658இல் பிராங்பர்ட் தேர்தல் கூட்டத்தில் பவேரியத் தூதர் தம் எசமானரின் பதிலாட்சி உரிமையை விளக்கிக்கொண்டிருந்தபோது, கார்ல் லூட்விக் மேசையிலிருந்த மைக்கூட்டை எடுத்து அவர்மேல் வீசினார். தாலர் அடிப்பது அதைவிடச் சாந்தமான வழி.

இருதலைக் கழுகைப் பார்த்துக் கண்டபேருண்டமா என்று கேட்டவருக்கு: இல்லை. விஜயநகரத்து அச்சுதராயரின் காசில் யானைகளைத் தூக்கிக்கொண்டு பறக்கிற பறவை வேறு. ஜெர்மானியக் கழுகு எதையும் தூக்குவதில்லை. மார்பில் யாருடைய கேடயம் என்பது மட்டுமே அதன் கவலை.

ஜூன் 12

அந்தக் கேடயம் சிறு விஷயமல்ல. இருதலைக் கழுகு பேரரசருக்கே உரியது. முடிசூடாத ரோமானிய அரசருக்கு ஒருதலைக் கழுகு. மற்ற நாள்களில் கழுகின் மார்பில் ஹாப்ஸ்பர்க் கேடயம் இருக்கும். பதிலாட்சியர் அந்த இடத்தில் தன் குலக் கேடயத்தை வைக்கிறார். வேறெந்தச் சமயத்தில் செய்தாலும் அத்துமீறலாகக் கொள்ளப்படும் செயல், இந்தச் சில மாதங்களில் முறையான உரிமை. காசை வெளியிடும் அவசரம் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது: 1792இல் கிடைத்தது நான்கே மாதம், அதற்குள் அச்சு வெட்டி, அடித்து, அனுப்பியும் ஆக வேண்டும்.

சாக்சனி வெகுகாலம் கழுகைவிடக் குதிரையை விரும்பியது. 1619, 1657, 1711, 1741 ஆண்டுக் காசுகளில் தேர்வுரிமை இளவரசர் குதிரைமேல் வருகிறார். 1619இல் சுற்றி "சட்டத்துக்காகவும் மக்களுக்காகவும்" என்ற லத்தீன் வாசகம், 1657இல் "கடவுளுக்கும் தாய்நாட்டுக்கும்". குதிரைக்கு ஒரு காரணம் உண்டு. சாக்சனிக் கோமகன் பேரரசின் தலைமைக் குதிரைப்படை அதிகாரி. பொன் முத்திரை ஆணை அவருக்கு விதித்த சடங்கு, அரசரின் இருக்கைக்கு முன்னே குதிரையின் மார்பளவு உயரத்துக்குக் குவித்த ஓட்ஸ் குவியலுக்குள் குதிரையேறிச் சென்று, ஒரு வெள்ளி மரக்காலில் தானியம் முகந்து, முதலில் எதிர்ப்படும் குதிரைக்காரனிடம் கொடுப்பது. பதவியையும் பதிலாட்சியையும் ஒரே படத்தில் சொல்லிவிட இந்தக் குதிரை போதுமானதாக இருந்தது.

1711இன் பின்பக்கத்தில் இரண்டு மேசைகள், அவற்றின்மேல் அரசுச் சின்னங்கள். காசடித்தவர் போலந்தின் அரசருமான வலிமைமிகு ஔகுஸ்ட் அல்லவா, ஒரு மேசை அவருக்குப் போதாது. என் விருப்பம் 1741. குதிரை ஒரு பக்கம். மறுபக்கம் ஆளில்லாத அரியணை, அதில் கிடத்திய சின்னங்கள், சுற்றிலும் சாக்சன் சட்டம் வழங்கும் நிலங்களின் பதிலாட்சியர் என்ற வாசகம். உட்கார வேண்டியவர் இல்லை என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய காசு வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஜூன் 13

லாபமே இல்லை என்று நான் சொன்னதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காசில் லாபம் இல்லை என்பதே என் வாதம். பதிலாட்சியில் லாபம் இருந்தது, அது வேறு பெட்டியில். பட்டம் வழங்கும் உரிமை பதிலாட்சியருக்கு உண்டு; பட்டயத்துக்குக் கட்டணமும் உண்டு. பலட்டினேட்டும் பவேரியாவும் 1777 முடிவில் கார்ல் தியோடரின் கையில் ஒன்றான பிறகு அவர் 1790, 1792 இரு இடைவெளிகளிலும் பிரபுப் பட்டங்களைத் தாராளமாக வழங்கினார்.

அவற்றில் ஒன்றை எல்லோரும் அறிவீர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் பிறந்து, மியூனிக்கில் பவேரியப் படையைச் சீர்திருத்தி, அங்கே ஆங்கிலப் பூங்காவை உருவாக்கிய பெஞ்சமின் தாம்சன், பேரரசின் ரம்ஃபோர்ட் பிரபு ஆனார். பேரரசர் கொடுக்க வேண்டிய பட்டம்; கொடுத்தவர் 1792 பதிலாட்சியின்போது கார்ல் தியோடர். வெப்பம் ஒரு பொருளல்ல, இயக்கம் என்று பீரங்கி துளைத்துக் காட்டிய அறிவியலாளரின் பெயருக்கும் என் பெட்டியிலிருக்கும் தாலரின் குடும்பத்துக்கும் ஒரே சட்டப் பிரிவு மூலம்.

எனவே கேள்வி கேட்டவர் பணம் கைமாறியது என்று வாதிட்டால் ஒப்புக்கொள்கிறேன். அது நாணயச்சாலை வழியாக வரவில்லை, எழுத்தர் அறை வழியாக வந்தது.

ஜூன் 15

1507ஆம் ஆண்டையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டாமா என்ற கேள்விக்கு என் விடை வேண்டாம் என்பதே. அறிவர் பிரீட்ரிஷ் என்று பெயர்பெற்ற சாக்சனித் தேர்வுரிமை இளவரசரை முதலாம் மக்சிமிலியான் அந்த ஆண்டு பேரரசின் பொதுப் பிரதிநிதியாக நியமித்தார். அந்தப் பட்டத்தைப் பொறித்த கனமான வெள்ளிக் காசுகள் பேரழகானவை. ஆனால் அப்போது மக்சிமிலியான் உயிரோடு இருந்தார். பின்பக்கத்தில் அவருடைய பெயரும் ஒருதலைக் கழுகுமே இருக்கின்றன. அது நியமனம். பதிலாட்சி நியமனமல்ல, தானாக வந்து சேர்வது. அதே பிரீட்ரிஷ் 1519 ஜனவரியில் மக்சிமிலியான் இறந்து ஜூன் 28இல் ஐந்தாம் கார்ல் தேர்வாகும்வரை மெய்யான பதிலாட்சியராகவும் இருந்தார். சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதருக்கு எதிரான நடவடிக்கைகள் அந்த மாதங்களில் மெத்தனமாக நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூன் 18

இரண்டு உறவுக்காரக் காசுகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆயர் இளவரசர் இறந்து அடுத்தவர் வரும்வரை தேவாலயக் குழு அடித்த காசுகள் ஒன்று. ஐக்ஸ்டெட்டின் 1781, 1790 தாலர்களும் மியூன்ஸ்டரின் 1801 தாலரும் அவ்வகை. அங்கே காலியானது ஒரு மறைமாவட்டத்தின் இருக்கை. இன்னொன்று, பிராங்பர்ட்டில் முடிசூட்டு நாளில் கூட்டத்தின்மேல் வீசிய சிறு வெள்ளி, தங்கத் துண்டுகள். அவை இடைவெளி முடிந்ததைச் சொல்பவை. 1790இன் இரண்டும் ஒரே தட்டில் வைத்து விற்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கழுகு இருக்கிறதே என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், யாருடைய கேடயம் என்று பாருங்கள்.

ஜூன் 19

1745 பற்றி அதிகம் சொல்லவில்லை என்பது நியாயமான குறை. 1724இல் பவேரியாவும் பலட்டினேட்டும் இனிச் சேர்ந்தே பதிலாட்சி நடத்துவோம் என்று ஒப்பந்தம் செய்தன. 1740இல் கார்ல் ஆல்பிரெக்டும் கார்ல் பிலிப்பும் அப்படியே செய்தார்கள். கூட்டுப் பதிலாட்சியைப் பேரரசில் பலர் ஏற்கவில்லை. 1745இல், ஆளுக்கொரு முறை, முதல் முறை பவேரியாவுக்கு என்று மாற்றிக்கொண்டார்கள். கார்ல் ஆல்பிரெக்டே 1742 ஜனவரியில் ஏழாம் கார்ல் என்ற பெயரில் பேரரசராகித் தன் பதிலாட்சியைத் தானே முடித்துவைத்தவர். அவர் 1745 ஜனவரி 20இல் இறக்க, 17 வயது மகன் மூன்றாம் மக்சிமிலியான் யோசெப் தந்தையின் காலியிடத்துக்கே பதிலாட்சியர் ஆனார். ஏப்ரலில் பியூசன் ஒப்பந்தத்தில் பேரரசர் பதவிக்கான ஆசையைக் கைவிட்டு, தன் வாக்கை மரியா தெரேசாவின் கணவர் லொரெயின் பிரான்ஸுக்கு (பின்னாளில் பேரரசர் முதலாம் பிரான்ஸ்) உறுதியளித்தார். அந்த ஆண்டுத் தாலரில் பையனின் முகமும் இருதலைக் கழுகும் இருக்கின்றன. பேரரசர் பதவி அவர் குடும்பத்திடம் மீண்டும் வரவில்லை.

ஜூன் 21

1806இல் ஏன் விகாரியட் காசு இல்லை என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இரண்டாம் பிரான்ஸ் ஆகஸ்ட் 6ஆம் தேதி முடியை மட்டும் இறக்கி வைத்திருந்தால் ஆணைப்படி அரியணை காலியாகி, பதிலாட்சி தொடங்கியிருக்கும். அவர் பேரரசர் பதவியே முடிந்துவிட்டது என்று அறிவித்து, இளவரசர்கள் அனைவரையும் கடமையிலிருந்து விடுவித்தார். காலி இடமே இல்லாதபோது பதிலாள் எதற்கு? தவிர, பவேரியா அந்த ஜனவரியிலேயே முடியரசாகி, ஜூலையில் நெப்போலியனின் ரைன் கூட்டமைப்பில் சேர்ந்திருந்தது. சாக்சனியும் டிசம்பரில் முடியரசானது. அரசர் ஆனவருக்குக் கழுகைக் கடன் வாங்க வேண்டிய அவசியமில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: முதல் காசாக 1790 அல்லது 1792 சாக்சனித் தாலரைத் தேடுங்கள், 1657க்குப் பணப்பை கனமாக இருக்க வேண்டும். 1763 முதல் சாக்சனி, ஒரு மார்க் தூய வெள்ளிக்கு 10 தாலர் என்ற தரத்துக்கு மாறிவிட்டதால் எடை ஏறத்தாழ 28.06 கிராம் வர வேண்டும். 27.5க்குக் கீழே போனால் விலையைப் பேசாதீர்கள், விளிம்பைப் பாருங்கள். குறிப்பாகத் தலைக்கு நேர்மேலே. விற்பவர் அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்ப மறுத்தால் வாங்காதீர்கள்.